மறுமொழி: பாராஃபாரிஞ்சியல் ஸ்பேஸ் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நண்பர்களே, நம் மருத்துவச் சொற்பட்டியலில் ‘பாராஃபாரிஞ்சியல் ஸ்பேஸ்’ என்பதற்கு இப்படி ஒரு சொல் முன்வைக்கப்பட்டது:

> ‘தொண்டையோரக் குழி’ என்று வைத்துக்கொள்ளலாமே?

‘தொண்டையோர’ சரி. ‘குழி’தான் உறுத்துகிறது. குழி என்றதும் வெறும் பள்ளம்தான் மனதில் வரும். தொண்டையின் இரு பக்கமும் ஆழத்தில் உள்ள இந்த இடமோ மண்டையோட்டின் அடியில் அகலமாகத் தொடங்கி, நாவடி எலும்பு வரை குறுகிக்கொண்டே இறங்குகிறது. உள்ளே கொழுப்பு அடைத்திருக்கிறது. எம்ஆர்ஐ பார்ப்பவர் முதலில் தேடுவதே அந்தக் கொழுப்பைத்தான். கட்டி அதை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதை வைத்தே, கட்டி எங்கிருந்து கிளம்பியது என்று கணிக்கிறார்கள். ‘தொண்டையோர இடைவெளி’ என்றால், உறுப்புகளுக்கு நடுவே உள்ள இடம் என்ற பொருள் வந்துவிடும். அதற்குள் எது இருந்தாலும் முரணாகாது.

அப்புறம், காதுக்குக் கீழே ஊசிபோல் நீளும் ஸ்டைலாய்டு எலும்பு முனையை எல்லையாக வைத்து இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ‘முன்பகுதி’, ‘பின்பகுதி’ போதும், புதுச்சொல் வேண்டாம். முன்பகுதியில் பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள்; அவை மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியைப் பின்னுக்குத் தள்ளும். பின்பகுதியில் நரம்புறைக் கட்டிகளும், நரம்புகளை ஒட்டிய சிறப்புச் செல்களிலிருந்து வளரும் பாராகாங்கிலியோமா என்ற கட்டியும். அவை தமனியை முன்னுக்குத் தள்ளும். பாராகாங்கிலியோமாவில் ரத்தக்குழாய்கள் மண்டிக்கிடக்கும். அதனால் ஸ்கேன் பார்க்காமல் வாய் வழியாகக் கத்தி வைத்துச் சதைத்துணுக்கு எடுப்பது ஆபத்து.

‘பினைன்’ என்பதற்கு நம் பட்டியலில் உள்ள ‘தீங்கற்ற கட்டி’யை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த இடத்தில் வரும் கட்டிகளில் சுமார் 80 சதவீதம் அந்த வகைதான். ஆனால் குரல்வளைக்கும் தொண்டைக்கும் செல்லும் வேகஸ் நரம்பிலிருந்து கிளம்பிய கட்டியை எடுத்தால் குரல் கம்மிப்போகலாம், விழுங்கும்போது புரையேறலாம். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியின் உறை அறுவையின்போது கிழிந்தால், சிந்திய செல்களிலிருந்து அது மறுபடி வளரக்கூடும். அதனால்தான் பெரும்பாலும் கழுத்தின் பக்கவாட்டில் திறந்து, தமனியையும் நரம்புகளையும் கண்ணால் பார்த்தபடி கட்டியை முழுசாக எடுக்கிறார்கள். தாடையை அறுத்துத் திறக்கும் தேவை எப்போதாவதுதான் வரும்.

‘தீங்கற்ற’ என்று படிக்கும் நோயாளி, பிறகு எதற்கு இவ்வளவு பெரிய அறுவை என்று கேட்பார், நியாயமான கேள்வி. ‘புற்றல்லாத கட்டி’ என்றால் புற்றுநோய் இல்லை என்பதை மட்டும் சொல்கிறது, பொய்யான ஆறுதல் தருவதில்லை.

‘தொண்டையோர இடைவெளி’, ‘புற்றல்லாத கட்டி’ இரண்டையும் பட்டியலில் சேர்க்கலாமா? பாராகாங்கிலியோமாவை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.