பழைய ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடுற) கேம்ல சாமி வந்து நின்ன இடம்: எது இன்னும் உறுத்துது?

தாமிரசபை16
ஃபைனல் ஃபேன்டஸி ஆறு. வெக்டர்ங்கிற ஊரு ஆராய்ச்சிக்கூடத்துல கன்வேயர் வழியா கீழ விழுந்ததும் நெருப்பு ஆளு இஃப்ரித்தும் பனி ஆளு சிவாவும் மாறி மாறி மோதுவாங்கல்லா, அந்த இடம். இஃப்ரித் நிக்கும்போது ஐஸ், சிவா வந்ததும் ஃபயர். ஆள் மாறினதைக் கவனிக்காம அதே மந்திரத்தை அடிச்சா எதிராளிக்கு உயிர் ஏறும். சிவான்னு பேரு, ஆனா பனி வீசுற பொம்பள. 1990-ல வந்த மூணாம் பாகத்துல இருந்தே அப்படித்தான், அதுகூடப் போகட்டும். 1994 அமெரிக்கப் பதிப்புல மத வாடை வரக்கூடாதுன்னு ‘ஹோலி’ மந்திரத்தையே ‘பேர்ல்’னு மாத்தினாங்க. சிவா பேரு மட்டும் அப்படியே நிக்கு. கத்தரிக்கோலு அவங்க சாமிக்கு மட்டுந்தான் போல.

கொக்கிரகுளம்_ரோம்
பேரைப் பிடிச்சுத் தொங்காதீரும் வே. பஹாமுட் அரபுக் கதையில பூமிக்கு அடியில கிடக்குற மீனு, இங்க டிராகன். யாரையும் விட்டுவைக்கல. நாலாம் பாகத்து அசுராவைப் பாத்தீரா? மூணு முகம், லிவையதன் பொண்டாட்டி. நாம அடிக்க அடிக்கத் தனக்கே க்யூர்ங்கிற குணமாக்குற மந்திரத்தைப் போட்டு உயிரை ஏத்திக்கிடும். நம்ம கூட்டத்து ரோசாவை வச்சு, மந்திரத்தைத் திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்ட்டை அசுரா மேலயே போடணும், நம்ம ஆள் மேல இல்ல. பொறவு அது போடுற க்யூர் பூராவும் தெறிச்சு நம்ம பக்கம் விழும். பழைய அமெரிக்கப் பதிப்புல ரிஃப்ளெக்ட்டுக்கு ‘வால்’னு பேரு, தேடி அலையாதீங்க. ஜெயிச்ச பொறவு நம்ம கூட்டத்து ரிடியா அசுராவைத் துணைக்குக் கூப்பிட்டா எந்த முகம் வருதோ அதுக்குத் தக்க குணமாக்கும், இல்ல கவசம் போடும், இல்ல விழுந்தவங்களை எழுப்பும். ஆத்திர அவசரத்துக்கு நம்பிக் கூப்பிடக்கூடாது.

சங்கரன்கோவில்_சேவ்ஃபைல்
டிஜிட்டல் டெவில் சாகா, 2004, பிஎஸ்2. கர்மா கோயில் உச்சியில கடைசி எதிரி ஏஞ்சல் ஹரிஹரனா மாறுற இடம். நம்ம கூட்டத்தோட எல்லைக்கு மூலாதாரம்னு பேரு, நம்ம ஆளுங்க உருமாறுற சாமியும் அப்படித்தான்: ஹீட்டுக்கு அக்னி, கேலுக்கு வாயு. நல்லாத்தான் படிச்சிருக்காங்க. ஏஞ்சல் விசயத்துலதான் கோளாறு. ஆண், பெண் ரெண்டும் சேர்ந்த உடம்புன்னு அவருக்கு ஹரிஹரனைக் கொடுத்திருக்காங்க. அது அர்த்தநாரிக்குப் போகவேண்டியது. சங்கன், பத்மன்னு ரெண்டு நாகராசாக்கள் சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரான்னு போட்ட சண்டை, கோமதியம்மன் தவசு, அதுக்குக் கிடைச்ச காட்சிதான் சங்கரநாராயணர். ஒரு பக்கம் மழு, ஒரு பக்கம் சங்கு. ஆண் பெண் பேச்சே அங்க கிடையாது.

காரையார்_லோடிங்
கிடையாதுன்னு எப்படிச் சொல்லுதீரு? பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோட சாஸ்தா கோயிலுக்குப் போற சீமையில இருந்துகிட்டு மோகினியை மறந்தா எப்படி? அரிகரபுத்திரன் பின்ன எங்க இருந்து வந்தாராம்? அந்த கேம்ல உறுத்தவேண்டியது வேற. எதிரியைத் தின்னா ஆத்மா புள்ளி கூடுதலா ஏறும், புள்ளி நிறைஞ்சாத்தான் காசு கொடுத்து இறக்கின மந்திரம் படியும். அளவு மீறித் தின்னா வயித்துவலி, வலி தீருற வரைக்கும் புள்ளி ஏறாது. பெரிய ஆளைத் தின்னப் போகும்போது மருந்து கையில இருக்கணும்.

அண்ணாச்சி_8பிட்
எல்லாரும் பேரையும் படத்தையுமே பேசுதீங்க. 1985-ல வந்த அல்டிமா நாலுல சாமி படமே கிடையாது, கருணை, வீரம் மாதிரி எட்டு நற்குணத்துல தேறணும், ஆனா கள்ளத்தனம் பண்ண முடியாது. ஆன்மிகத்துக்குரிய சன்னதிக்கு நடந்து போக வழி இல்ல. ரெண்டு நிலாவும் முழுசா இருக்கும்போது மூன்கேட்டுங்கிற மாய வாசல்ல ஏறணும். உள்ள விட அந்தக் குணத்துக்குரிய ரூன் (எழுத்துக் கல்லு) வேணும். மூணு சுற்று தியானம், மந்திரம் ‘ஓம்’. கருணைக்கு ‘மு’, வீரத்துக்கு ‘ரா’. உடனே மறுபடி உக்காந்தா மனசு களைச்சிருக்குன்னு திருப்பி அனுப்பிரும். தகுதி வந்துட்டான்னு லார்ட் பிரிட்டிஷ்ங்கிற ராசாவோட கோட்டையில ஹாக்விண்ட்ங்கிற ஞானி கிட்ட கேட்டுட்டுப் போனா வீண் அலைச்சல் இல்ல.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். மூலிகை விக்கிற அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. காசை நாமதான் எண்ணி வைக்கணும், குறைச்சு வச்சா நேர்மையோட நீதியும் மானமும் சேர்ந்து இறங்கும். வைத்தியர் ரத்தம் கேட்டா கொடுங்க, 100 உயிர்ப்புள்ளி போகும், தியாகம் ஏறும். உடம்புல அதுக்கு மேல இருக்கும்போது மட்டும் அந்தக் கடைக்குள்ள நுழையுங்க. பிச்சைக்காரருக்கு ஒரு காசு போட்டாலும் கருணைதான், அள்ளிக் கொடுக்கவேண்டாம். பாம்பு, எலி ஓடினா விட்டுருங்க. பேய் பிசாசைக் கண்டு நீங்க ஓடினாத்தான் வீரம் குறையும். எட்டுல ஏழு குணம் முடிஞ்ச பொறவு, ஊருக்குள்ள ஒரு பெட்டியை ஆசைப்பட்டுத் திறந்தீங்கன்னா, ‘எட்டில் ஒன்றை இழந்தாய்’னு திரையில வரும் பாருங்க. இழந்த குணத்துக்குரிய சன்னதிக்கே மறுபடி போகணும்.

தாமிரசபை16
அண்ணாச்சி, நான் கேட்டது உறுத்துன இடம். நீங்க டியூசனே எடுத்துட்டீங்க.

கொக்கிரகுளம்_ரோம்
உமக்குச் சிவன் சிவனாவே வேணும்னா 2003-ல வந்த நாக்டர்ன் கேமுக்குப் போம். அங்க ரெண்டு ஆளைக் கலந்து புது ஆளை உண்டாக்கணும், ரங்டாவையும் பாரோங்கையும் சேர்த்தாத்தான் சிவன் வருவாரு, வேற ஜோடிக்கு வரமாட்டாரு. உம்ம லெவல் 95 ஆகணும். பிஎஸ்2 பதிப்புல திறமை தானா கலைஞ்சு வரும், நல்லதா விழுற வரைக்கும் ரத்து பண்ணிப் பண்ணித் திரும்ப எடுக்கணும். ரீமாஸ்டர்ல நாமளே பொறுக்கிக்கிடலாம்.