கல்வமும் குழவியும் பணியில் எங்கே உதவின? மருந்தாளுநர்களின் அனுபவப் பகிர்வு

மருத்துவமனை மருந்தாளுநர், குழந்தைகள் பிரிவு, மதுரை:

பி.பார்ம். என்ற மருந்தியல் பட்டப் படிப்பில் மருந்துக் கலவைச் செய்முறைக்கு இன்னும் இத்தனை மணி நேரம் தேவையா என்று கேட்பவர்களுக்கு, என் பணியில் அடிக்கடி வரும் ஒரு வேலையையே பதிலாகச் சொல்கிறேன். நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகுந்த கைக்குழந்தைகளுக்கு மருத்துவர்கள் சில்டெனாஃபில் எழுதுவார்கள். எடைக்கேற்ப ஒரு வேளைக்கு 4 மி.கி. என்று சீட்டில் இருக்கும். கையில் இருப்பதோ பெரியவர்களுக்கான 20 மி.கி. மாத்திரை. அப்படி ஒரு குழந்தையின் தாயிடம், மாத்திரையை ஐந்தாக உடைத்து ஒரு துண்டைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும்படி வெளியே ஒரு கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் தாளில் மடித்துக் கொண்டுவந்த துண்டுகளில் ஒன்று மற்றொன்றைப்போல இரு மடங்கு இருந்தது.

இதைத் தவிர்க்க, மாத்திரைகளைப் பொடித்து வேளைக்கு ஒரு பொட்டலமாக நாங்களே கட்டித் தருகிறோம். பத்து நாளுக்கு, தினம் மூன்று வேளை என்றால் 30 பொட்டலங்கள், 120 மி.கி. மருந்து, ஆறு மாத்திரைகள். இதுவரை யாரும் போடும் கணக்குதான். ஆனால் அந்த ஆறு மாத்திரைகளையும் நிறுத்தபோது 900 மி.கி. இருந்தது, ஏனெனில் மாத்திரையில் மருந்தைவிட அதைத் தாங்கி நிற்கும் மற்றப் பொருள்களே அதிகம். கைத்தராசில் நம்பி நிறுக்கக்கூடிய குறைந்த அளவு 100 மி.கி. என்று படித்திருக்கிறோம், ஆகவே ஒரு பொட்டலத்துக்கு 100 மி.கி. வீதம் மொத்தம் 3,000 மி.கி. வரும்படி 2,100 மி.கி. லாக்டோஸ், அதாவது பாலில் உள்ள சர்க்கரையை, நிரப்புப் பொடியாகச் சேர்க்க வேண்டும். அதையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாமல், முதலில் கல்வத்தில் உள்ள பொடிக்குச் சமமான அளவைச் சேர்த்து அரைத்து, பிறகு மீதியைச் சேர்த்து அரைத்தால்தான் முதல் பொட்டலத்திலும் முப்பதாவது பொட்டலத்திலும் ஒரே அளவு மருந்து இருக்கும். குழந்தைக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டறிவதும் இந்த வேலையைச் சேர்ந்ததே. இவை யாவும் முதலாண்டுச் செய்முறை வகுப்பில் எங்களுக்குச் சலிப்பூட்டிய விஷயங்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மருந்துக்கடை மருந்தாளுநர், தஞ்சாவூர்:

என் நிலைமை வேறு. கடைக்கு வந்த நாள்முதல் நான் ஒரு களிம்புகூடக் கலந்ததில்லை. 1945 ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, சீட்டைப் பார்த்து மருந்து கலந்து தரும் வசதியுள்ள கடையே தன்னைப் பார்மசி என்று அழைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட கடையில் தராசும் கல்வமும் அளவுக் குவளைகளும் இருக்க வேண்டும் என்று அவ்விதிகளில் உள்ள ஓர் அட்டவணை பட்டியலே தருகிறது. எங்கள் தெருவில் பார்மசி என்று பலகை மாட்டிய கடைகளில் கல்வத்தைத் தேடினால் கிடைக்காது, அது தனிக்கதை.

இருந்தும் அந்தப் பயிற்சி வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகி, மூக்குக் குழாய் வழியே உணவு பெறும் பெரியவர் ஒருவரின் மகன், மாதந்தோறும் வயிற்று அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை வாங்கிச் செல்வார். குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்வதாக அவர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னபோது, மாத்திரைகளை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாக இடித்துக் கரைத்து ஊற்றுவதாகச் சொன்னார். பான்டோப்ரசோலின் மேலுறை, வயிற்று அமிலத்தில் மருந்து சிதையாமல் குடல்வரை கொண்டுசேர்ப்பதற்காகவே பூசப்பட்டது. இடித்துவிட்டால் மருந்தும் போய்விடும், உறையின் துணுக்குகளும் குழாயில் படியும். சீட்டு எழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் அதை மாற்றி, நீரில் கலந்து குழாய் வழியே செலுத்தத்தக்க, அதே வகை மருந்தான எசோமெப்ரசோல் குறுணைப் பொட்டலம் எழுதித் தந்தார். உறையிட்ட ஒன்றை அரைத்தால் என்ன ஆகும் என்பதைக் கல்வத்தில் கண்ணால் பார்த்தவனுக்கே அந்தக் கேள்வி நாவில் வரும் என்று நினைக்கிறேன்.

மருந்தியல் கல்லூரி ஆசிரியர், கோவை:

2020 இல் கைச்சுத்திகரிப்பான் தட்டுப்பாடு வந்தபோது, எங்கள் ஆய்வகத்திலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாரித்தோம். 10 லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8,333 மி.லி., 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., கிளிசரால் 145 மி.லி., மீதிக்குக் காய்ச்சி ஆறிய நீர். எங்களுக்குக் கிடைத்த எத்தனாலோ 96 சதவீதம் அன்று. எத்தனை மி.லி. எடுத்தால் இறுதியில் 80 சதவீதம் நிற்கும் என்பதை மாணவர்கள் உடனே கணக்கிட்டார்கள். நிரப்பிய குப்பிகளை, பாக்டீரிய வித்துகள் அழிவதற்காக 72 மணி நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதையும் அவர்களே நினைவூட்டினார்கள்.

ஆனால் ஒரு குறை உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் இச்செய்முறை ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. தோல் படைக்குப் பூசும் வைட்ஃபீல்டு களிம்பில் பென்சாயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம் என்று வைவா எனும் வாய்மொழித் தேர்வில் தடையின்றிச் சொல்லும் மாணவர், அதே களிம்பைத் தன் கையால் செய்யும்போது விரலில் நெருடும் பரல்களை ஏன் விட்டுவைத்தார் என்று கேட்டால் விழிக்கிறார். அதனால் இப்போது நான் தூய மருந்துப் பொடியைத் தருவதை நிறுத்திவிட்டு, கடையில் வாங்கிய மாத்திரைகளையும் எடை குறிப்பிட்ட ஒரு குழந்தைக்கான மருந்துச் சீட்டையும் கொடுக்கிறேன். மதிப்பெண்ணில் பாதி, நிறுப்பதற்கு முன் அவர்கள் தாளில் காட்டும் கணக்குக்கு.