மறுமொழி: ‘அந்நியப்பொருள் உட்சுவாசம்’ வேண்டாம், ‘புரையேற்றம்’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வளர்ந்தவர்களின் மூச்சுக்குழாய்க்குள் கழன்ற பல், எலும்புச் சில்லு, மாத்திரை, குண்டூசி போன்றவை தவறிப் போய்த் தங்கிவிடுவதை மருத்துவர்கள் ‘ஃபாரின் பாடி ஆஸ்பிரேஷன்’ என்கிறார்கள். இதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்துள்ள ‘அந்நியப்பொருள் உட்சுவாசம்’, ‘அயற்பொருள் உறிஞ்சல்’, ‘மூச்சுவழி அடைப்பு’ ஆகிய மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். மூன்றையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் ‘புரையேறுதல்’ என்ற வினையிலிருந்தே இக்கலைச்சொல்லை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் என் பெரியப்பாவுக்கு நேர்ந்த ஓர் அனுபவம்.

அப்போது அவருக்கு வயது 64. ஐந்து மாதங்களாக இருமல் விடவில்லை. ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள். இடையில் இரண்டு முறை சளிக்காய்ச்சல் வந்து, மருந்தில் தணிந்து, மறுபடி வந்தது. காசநோயாக இருக்கலாம் என்று சளியையும் சோதித்தார்கள். கடைசியாகப் பார்த்த மருத்துவர், மூச்சின் சீழ்க்கை ஒலி வலப்பக்கம் மட்டும் கேட்பதைக் கவனித்து சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மறுநாள் பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்திப் பார்ப்பது) செய்வதற்கான ஒப்புதல் படிவம் தமிழிலேயே வந்தது. அதில் ‘அந்நியப்பொருள் உட்சுவாசத்திற்கான சிகிச்சை’ என்று அச்சிட்டிருந்தார்கள். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, “நான் எதையும் மூச்சில் இழுக்கவில்லையே அம்மா, பொடி போடும் பழக்கம்கூட எனக்குக் கிடையாதே” என்று செவிலியரிடம் சொல்லிக் கையெழுத்திட மறுத்தார். மருத்துவர் வந்து, “ஐயா, சாப்பிடும்போது எப்போதாவது பலமாகப் புரையேறியதா?” என்று கேட்டார். பெரியப்பா சற்று யோசித்துவிட்டு, “ஏறியது. பேரன் காதுகுத்து விருந்தில் நல்லி எலும்பை உறிஞ்சும்போது ஏறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. தண்ணீர் குடித்ததும் நின்றுவிட்டதே” என்றார். மறுநாள் எடுத்த சில்லை ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பியில் போட்டு எங்களிடம் காட்டினார்கள். பாதி நகத்தின் அளவுதான் இருந்தது. ஒரு முனை கூராகவும் மறுமுனை கறுத்தும் இருந்தது.

ஐந்து மாதமாக யாருக்கும் கிடைக்காத நோய்வரலாறு ஒரே சொல்லில் வெளிவந்ததை அன்று பார்த்தேன். வளர்ந்தவர்களிடம் இந்நோய் தாமதமாகக் கண்டறியப்படுவதற்கு முக்கியக் காரணமே, அவர்கள் அந்த நிகழ்ச்சியை மறந்துவிடுவதும் மருத்துவர் அதைக் கேட்காமல் விடுவதும்தான். உணவுத் துணுக்குகளும் பிளாஸ்டிக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதில்லை. அதனால் நோயாளியின் நினைவைத் தட்டி எழுப்பும் சொல்லுக்கு இங்கே நேரடியான மருத்துவப் பயன் இருக்கிறது.

‘உட்சுவாசம்’ என்பது நாம் ஒவ்வொரு கணமும் இயல்பாகச் செய்யும் செயலின் பெயர். தூசியையும் புகையையும் மகரந்தத்தையும் உட்சுவாசிக்கிறோம். பல்லை உட்சுவாசித்தேன் என்று தமிழ் பேசும் எவரும் சொல்வதில்லை. ‘உறிஞ்சல்’ வேறு விதத்தில் குழப்புகிறது. ஆங்கிலத்தில் ஆஸ்பிரேஷன் என்ற ஒரே சொல், ஊசியால் நீரையோ சீழையோ இழுத்து எடுப்பதையும் குறிக்கும், மொழியியலில் மூச்சொலியையும் குறிக்கும், நம் நோயையும் குறிக்கும். ஊசிக்கு ‘உறிஞ்சல்’ மிகப் பொருத்தமாக இருப்பதால், அதையே இங்கும் வைத்தால் ஆங்கிலத்தின் சிக்கலைத் தமிழுக்கும் கொண்டுவந்துவிடுவோம். ‘மூச்சுவழி அடைப்பு’ தவறான சொல் அன்று, ஆனால் அது விளைவுகளில் ஒன்றின் பெயர் மட்டுமே. குரல்வளை முழுதாக அடைபட்டுச் சில நிமிடங்களில் உயிர் போகும் நிலையை அது குறிக்கட்டும். பெரியப்பாவுக்கு மூச்சுவழி அடைபடவில்லை. அவர் ஐந்து மாதம் வயலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

இனி ‘புரை’. உள்ளே குழிவாக, துளையாக இருப்பது புரை. புரையோடிய புண் என்கிறோம். வள்ளுவர் ‘புரைதீர்ந்த நன்மை’ என்னும்போது அச்சொல் குற்றத்தைக் குறிக்கிறது. கண்புரையில் வேறொரு பொருளில் வருகிறது. ஆயினும் ‘ஏறு’ என்ற வினையோடு சேர்ந்துவிட்டால் அதற்கு ஒரே பொருள்தான்: உணவுக்குழாய்க்குள் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. விழுங்கும் நொடியில் குரல்வளையின் மூடி கவிழ்ந்து மூச்சுவழியைக் காக்கிறது. பேச்சு, சிரிப்பு, அவசரம், மது, பக்கவாதம், மயக்கமருந்து ஆகியவற்றில் ஏதோ ஒன்று அந்த ஒழுங்கைக் கலைக்கும்போது பொருள் தவறான வழியில் இறங்குகிறது. இத்தனையையும் நம் முன்னோர் ஒரு வினையில் அடக்கி வைத்திருக்கிறார்கள். இலங்கை நண்பர்களுக்கும் ‘புரைக்கேறுதல்’ என்ற வடிவம் அந்நியமாக இருக்காது.

பொருள் கீழே இறங்குகிறதே, ‘ஏறுதல்’ எப்படிப் பொருந்தும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் தமிழில் ஏறுதல் என்பது மேலே செல்வது மட்டும் அன்று. காலில் முள் ஏறுகிறது, உடம்பில் விஷம் ஏறுகிறது, சொன்னது மண்டையில் ஏறவில்லை என்கிறோம். உட்புகுந்து தைப்பதும் ஏறுதல்தான். கூர்முனை கொண்ட எலும்புச் சில்லுக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. ‘ஏற்றம்’ என்றால் யாரோ ஏற்றியதாகப் பொருள்படாதா என்ற ஐயத்துக்கு விலையேற்றம், குடியேற்றம் என்ற வழக்குகளே விடை. எனவே பெயர்ச்சொல்லாகப் ‘புரையேற்றம்’ எனவும், முழுத்தொடராக ‘அயற்பொருள் புரையேற்றம்’ எனவும் கொள்ளலாம். சொந்தப் பல் எப்படி அயற்பொருள் ஆகும் என்று கேட்டால், அது உடலுக்கு அயலன்று, மூச்சுக்கிளைக்கு, அதாவது மூச்சுக்குழாயின் கிளைக்கு, அயல் என்பேன்.

இதை வலுவாக எதிர்க்கும் வாதம் வேறொன்று. புரையேறினால் இருமல் வர வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு இருமலே இல்லாமல் உணவு நுரையீரலுக்குள் போகிறது. அதை எப்படிப் புரையேற்றம் என்பது? எனக்கும் இதில் சில நாள் தயக்கம் இருந்தது. இருமல் அடையாளம்தான், நிகழ்ச்சி அன்று என்ற முடிவுக்கு வந்தேன். ‘இருமலில்லாப் புரையேற்றம்’ என்று எழுதினால் இயல்பாக வர வேண்டிய காவல் அங்கே தவறிவிட்டது என்பதும் உடனே விளங்குகிறது. அதன் பின்விளைவைப் ‘புரையேற்ற நுரையீரல் அழற்சி’ எனலாம்.

யாரோ நினைப்பதால் புரையேறுகிறது என்ற நம்பிக்கை இருப்பதால் இச்சொல்லை யாரும் பொருட்படுத்தாமல் இலேசாக எடுத்துக்கொள்வார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. உச்சந்தலையில் தட்டிவிட்டு மறந்துவிடும் அந்த நிகழ்ச்சியைத்தான் நோயாளி நமக்கு நினைவுகூர்ந்து சொல்ல வேண்டும்.

‘விழுங்குதல்’ என்பதிலிருந்து இதை விலக்கி நிறுத்துவதும் தேவை. பிலடெல்பியாவில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர் நோயாளிகளிடமிருந்து அகற்றிச் சேர்த்த 2,374 பொருள்கள் அந்நகரின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் விழுங்கியவையும் உண்டு, புரையேறியவையும் உண்டு. பல் சிகிச்சையின்போது கழன்ற உறையை விழுங்கிவிட்டேன் என்று நோயாளி சொன்னால், வயிற்றை மட்டும் படமெடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. “விழுங்கினீர்களா, புரையேறியதா?” என்ற கேள்வி அங்கே மார்பையும் படமெடுக்க வைக்கும்.

வளர்ந்தவர்களுக்கு வரும் இந்நோயைப் பற்றி எழுதும்போது தலைப்பில் ‘பெரியவர்கள்’ என்று போட்டால் முதியவர்கள் என்றே பலர் புரிந்துகொள்வார்கள் என்பதால் ‘வளர்ந்தோர்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

ஒப்புதல் படிவத்துக்கு நான் எழுதிப் பார்த்த வாக்கியம் இது: ‘உங்களுக்குப் புரையேறிய ஒரு பொருள் வலப்பக்க மூச்சுக்கிளையில் தங்கியிருக்கிறது, வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ குழாய் செலுத்தி அதை எடுக்கப்போகிறோம்.’ வலப்பக்கக் கிளை இடக்கிளையைவிட அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பொருள்கள் பெரும்பாலும் அங்கேதான் போகின்றன. இடப்பக்கமாக இருந்தால் சொல்லை மாற்றிக்கொள்ளலாம். ‘மூச்சுக்கிளை’ என்பது படிவத்தில் நோயாளிக்கு விளங்குமா, ‘மூச்சுக்குழாயின் வலக்கிளை’ என்று விரித்து எழுதலாமா என்பதை மட்டும் மருத்துவமனைகளில் பணிபுரியும் நண்பர்கள் சொல்ல வேண்டும்.