ஷவர் கேப் மாட்டிய அலாரம்: நியூஜெர்சி மாணவர் குடியிருப்பில் பார்த்தது

நியூஜெர்சியில் எம்.எஸ். படித்தபோது பல்கலைக்கழகக் குடியிருப்பில்தான் இருந்தேன். நம் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து தங்கும் வீட்டுக்குள் போனால் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள், புகை அலாரத்துக்கு ஷவர் கேப் (குளிக்கும்போது தலை நனையாமல் போடும் பிளாஸ்டிக் தொப்பி) மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். நாலு காய்ந்த மிளகாயைத் தாளித்தால் போதும், அது அலற ஆரம்பித்துவிடும். அதனால்தான் மூடுகிறார்கள்.

பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பளம் பொரிக்க எண்ணெயைக் காயவைத்துவிட்டு அந்தத் தம்பி ஊருக்குப் போன் பேச அறைக்குள் போய்விட்டான். சுருள் வைத்த மின்சார அடுப்பு, கேஸ் மாதிரி தீ தெரியாது, எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று பார்த்ததும் புரியாது. கதவைத் தட்டிக்கொண்டு நான் உள்ளே போகும்போது வாணலியிலிருந்து எழுந்த தீ மேலே இருந்த அலமாரியைத் தொட்டுக்கொண்டிருந்தது, வீடு முழுக்கப் புகை, அலாரம் மட்டும் மூச்சுவிடவில்லை. இன்னொரு பையன் சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தான். நல்லவேளை, சீனியர் அக்கா ஒருவர் அங்கே இருந்தார். "தண்ணி ஊத்தாதடா!" என்று கத்திக்கொண்டே அடுப்பை அணைத்தார், இட்லிப் பானை மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி வாணலியை மூடினார், ஆறும்வரை யாரையும் திறக்கவிடவில்லை. எரியும் எண்ணெயில் தண்ணீர் விட்டால் அது அடியில் இறங்கி ஒரே நொடியில் ஆவியாகி, எண்ணெயைத் தீயோடு நாலாபக்கமும் வீசியடிக்கும். அன்று அந்தச் சொம்பு கவிழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அலாரத்தை மூடவும் கூடாது, அடித்தால் அலட்சியப்படுத்தவும் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம், அதே நியூஜெர்சியில் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் நடந்த விபத்து. 2000 ஜனவரி 19 விடிகாலையில் போலண்ட் ஹால் விடுதியின் மூன்றாவது மாடிக் கூடத்தில் சோபா எரிந்தது. முதலாமாண்டு மாணவர்கள் 3 பேர் இறந்தார்கள், 50 பேருக்கு மேல் காயம். அலாரம் அடித்தது, ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் அத்தனை தடவை பொய்யாக அடித்திருந்ததால் பலர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும் அந்தக் கட்டடத்தில் கிடையாது. அதே ஆண்டில்தான் மாணவர் விடுதிகள் எல்லாவற்றிலும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று நியூஜெர்சி சட்டம் கொண்டுவந்தது.

ஆகவே தயவுசெய்து ஸ்பிரிங்க்ளர் தலையில் சட்டை ஹேங்கரை மாட்டாதீர்கள், உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி உடைந்தால் அறையே வெள்ளக்காடாகிவிடும். தானாக மூடும் கதவுக்குச் செருப்பை முட்டுக்கொடுக்காதீர்கள், தீப்பிடித்தால் புகையைத் தாழ்வாரத்துக்கு வராமல் தடுப்பது அந்தக் கதவுதான். கார்த்திகைக்கு விளக்கேற்ற ஆசையிருந்தால் பேட்டரி விளக்கு வையுங்கள், பெரும்பாலான குடியிருப்புகளில் மெழுகுவர்த்திக்கே அனுமதி கிடையாது. நள்ளிரவு பனியில் அலாரம் அடித்தாலும் கோட்டை மாட்டிக்கொண்டு படிக்கட்டு வழியாக இறங்கிவிடுங்கள், லிப்ட் வேண்டாம்.

தாளிக்கும்போதெல்லாம் அடிக்கிறதே, என்ன செய்வது என்று கேட்பீர்கள். அடுப்பிலிருந்து 10 அடியாவது தள்ளி அலாரம் இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவான விதி. பக்கத்து வீட்டில் அது அடுப்புக்கு நேர் மேலேயே இருந்தது. அக்கா குடியிருப்பு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். ஆள் வந்து கழற்றி ஹாலில் மாட்டிவிட்டுப் போனார், காசு எதுவும் கேட்கவில்லை.