வலைப்பாதமா, சவ்வுப்பாதமா, விரலிடைத் தோலா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் நாய்ப் பாத வகைகளுக்குப் பூனைப்பாதம், முயற்பாதம், வலைப்பாதம் என்ற மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. அவற்றில் முதல் இரண்டையும் மனமார ஏற்கிறேன். விரல்கள் வளைந்து நெருங்கி உருண்டு நின்றால் பூனைப்பாதம். நடு விரல்கள் இரண்டும் நீண்டிருந்தால் முயற்பாதம். பூனைப்பாதமுள்ள டாபர்மேன் நாயையும் முயற்பாதமுள்ள போர்சாய் நாயையும் அருகருகே பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

விரல்களுக்கு இடையே தோல் விரிந்த பாதத்துக்குச் சொல்லப்பட்ட 'வலைப்பாதம்' மட்டும் வேண்டாம். வலைக்குக் கண்கள் உண்டு, நீர் அதன் வழியே ஒழுகிப்போகும். இங்கே உறுப்பின் வேலையே நீரைத் தடுத்துப் பின்னே தள்ளுவது. அதற்கு மாற்றாக அடுத்து வந்த 'சவ்வுப்பாதம்' இதைவிட மேல்தான், ஆனாலும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. இப்படி ஒரு பெயர் வைத்தால் இது மூன்றாவது பாத வகை என்று மாணவர் எண்ணிவிடுவார். உண்மை அதுவன்று. நியூஃபவுண்ட்லாந்து நாய்க்கு நாயினங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்க கென்னல் கிளப்பின் இன வரையறை பூனைப்பாதத்தையே விதிக்கிறது. செசபீக் விரிகுடா ரிட்ரீவர் நாய்க்கோ முயற்பாதம். இரண்டும் நீரில் இறங்கி வேலை செய்யும் இனங்கள், இரண்டின் விரல்களுக்கு இடையிலும் தோல் விரிந்திருக்க வேண்டும் என்று அந்தந்த இன வரையறை சொல்கிறது. ஆகவே பாதத்தின் வடிவம் வேறு, இடையிலுள்ள தோல் வேறு.

மேலும், விரல்களுக்கு இடையே கொஞ்சமாவது தோல் எல்லா நாய்களுக்கும் உண்டு. இனத்துக்கு இனம் மாறுவது அது எவ்வளவு தூரம் விரிகிறது என்பதே. போர்ச்சுகீசிய நீர்நாயினத்தில் அது விரல் நுனிவரை எட்டுகிறது. மென்மையான தோல், மேலே அடர்ந்த மயிர். (நாம் ஆற்றில் காணும் நீர்நாய் வேறு விலங்கு, இந்தப் பெயருக்கும் தனியே ஒரு விவாதம் தேவை.) மயிர் முளைக்கும் ஒன்றைச் சவ்வு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. தவளைக்கு அந்தச் சொல் பொருந்தும்.

ஐங்குறுநூற்றின் 'துதிக்கால் அன்னம்' (விரல்களுக்கு இடையே தோல் உள்ள காலையுடைய அன்னம்) என்ற தொடரை ஒருவர் நினைவூட்டினார். மிக அழகான சொல், அன்னத்துக்கும் வாத்துக்கும் அதை மீட்டெடுக்கத்தான் வேண்டும். அப்பறவைகளின் காலைக் காலாக்குவதே அந்தத் தோல். நாய்க்கு அது கூடுதல் பண்பு மட்டுமே. தவிர, துதி என்றதும் இன்று எல்லோருக்கும் வழிபாடுதான் தோன்றும்.

என் முன்மொழிவு: உறுப்புக்கு 'விரலிடைத் தோல்'. அளவைச் சொல்ல 'குறுகிய', 'விரிந்த', 'நுனி எட்டிய' என்ற அடைகள். அப்படியானால் செசபீக் நாயின் பதிவில் 'விரிந்த விரலிடைத் தோலுடைய முயற்பாதம்' என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் வடிவமும் தோலும் தனித்தனியே தெரிகின்றன. பட்டியலில் மூன்றாம் வகையை நீக்கிவிட்டு இதைச் சேர்க்க ஒப்புதல் கேட்கிறேன்.