நம்ம குடும்பம் குரூப்: பாலு சித்தப்பா பாலிசி

பாலு சித்தப்பா: ஹெல்த் இன்சூரன்ஸுக்கு ஏஜென்ட் ரெண்டு கொட்டேஷன் அனுப்பிருக்கான். ரெண்டுமே 5 லட்சம்தான் ஆனா ஒண்ணு வருஷத்துக்கு எட்டாயிரம் கம்மி. கம்மியா இருக்கறதையே போட்ருவோம்னு இருக்கேன், எதுக்கும் திவ்யா பாப்பா ஒருதடவ பாத்து சொல்லும்மா

சுமதி அத்தை: 🌹🌹 இனிய காலை வணக்கம் 🌹🌹

கார்த்தி: அத்தை மணி பதினொண்ணு

திவ்யா அக்கா: சித்தப்பா ரேட்ட அப்பறம் பாப்போம். ரூம் ரென்ட்னு ஒரு வரி இருக்கும் அதுல என்ன போட்ருக்கு? அப்பறம் கோபேன்னு, அதாவது கிளெய்ம்ல நம்ம பங்குன்னு, எங்கயாச்சும் இருக்கா

பாலு சித்தப்பா: கம்மி ரேட்டுல ரூம் ரென்ட் நாளைக்கு சம் இன்சூர்ட்ல, அதான் அந்த 5 லட்சத்துல, 1%, கோபே 20%. மத்ததுல சிங்கிள் பிரைவேட் ஏசி ரூம்னு இருக்கு, கோபே இல்லயாம்

கார்த்தி: 5 லட்சத்துல 1% னா நாளைக்கு 5000. மதுரைல அது போதும்லக்கா? கூட ஆனா அந்த மிச்சத்த நம்ம கட்டிக்கலாம்

திவ்யா அக்கா: டேய் எங்க ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல தினமும் இதுக்குத்தான்டா சண்டை. எல்லாரும் ரூம் வாடகைல மட்டும்தான் புடிப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு பெரிய ரூம் கேக்குறாங்க, டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில்ல பாத்துட்டு எங்ககிட்ட வந்து கத்துறாங்க

திவ்யா அக்கா: கணக்கு போடுறேன் பாருங்க சித்தப்பா. 8000 ரூபா ரூம்ல நாலு நாள், 32000. டாக்டர் ஃபீஸ் ஆபரேஷன் தியேட்டர் நர்சிங் எல்லாம் சேத்து 1,20,000. மருந்து டெஸ்ட் உள்ள வைக்கிற பிளேட்டு ஸ்க்ரூ 60000. மொத்தம் 2,12,000. உங்க லிமிட் 5000 தான, அதனால ரூமுக்கு 20000 தருவாங்க சரி, ஆனா அந்த 1,20,000 இருக்கு பாருங்க அதையும் எட்டுல அஞ்சு பங்குனு வெட்டி 75000 தான் தருவாங்க. ரூம் ஏற ஏற டாக்டர் ஃபீசும் ஏறுதுல்ல, அதான் அவங்க சொல்ற காரணம். மருந்து, டெஸ்ட், பிளேட்டு, ஐசியூ இதுலல்லாம் அப்படி வெட்டக்கூடாது

திவ்யா அக்கா: ஆக 1,55,000. அதுல கோபே 20% னா 31000 போச்சு. கைக்கு 1,24,000. மீதி 88000 நீங்க கட்டணும், இதுபோக கையுறை மாஸ்க்குனு ஒரு லிஸ்ட் போட்டு தனியா கழிப்பாங்க

மீனா சித்தி: ஆத்தாடி

பாலு சித்தப்பா: எட்டாயிரம் மிச்சம் பண்ணப்போயி 88 ஆயிரமா

சுமதி அத்தை: எதுக்கு இதெல்லாம் பாலு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குல்ல அதுலயும் அஞ்சு லட்சம்தான

திவ்யா அக்கா: அத்தை அதுக்கு குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 க்குள்ள இருக்கணும். சித்தப்பா பென்ஷனே அதத் தாண்டிரும்

மீனா சித்தி: திவ்யா டிடக்டபிள் டிடக்டபிள்ங்கறாங்களே அதும் கோபேயும் ஒண்ணா?

திவ்யா அக்கா: இல்ல சித்தி. கோபேன்னா ஒவ்வொரு கிளெய்ம்லயும் நூத்துக்கு இவ்ளோன்னு நம்ம கைக்காசு. டிடக்டபிள்னா முதல் மூணு லட்சமோ அஞ்சு லட்சமோ நம்ம பாத்துக்கணும், அதுக்கு மேல போனாதான் அவங்க வருவாங்க. இருக்கற பாலிசிக்கு மேல கூடுதலா எடுக்கற சூப்பர் டாப்அப்ல அதான் இருக்கும், ப்ரீமியம் கம்மியா வரும். வெறும் டாப்அப் வேண்டாம், அது ஒவ்வொரு பில்லா தனித்தனியா பாக்கும், சூப்பர்னா வருஷத்துல வந்த பில்லெல்லாம் சேத்து பாக்கும்

பாலு சித்தப்பா: சரிம்மா. இன்னொண்ணு, சுகர் பிரஷர் இருக்குன்னு ஃபார்ம்ல எழுத வேண்டாம் சார் மாத்திரைலதான கன்ட்ரோல்ல இருக்குங்கறான்

திவ்யா அக்கா: அவன அப்படி சொல்லச் சொன்னது யாரு 😡 கட்டாயம் எழுதுங்க சித்தப்பா. எழுதுனா அதுக்கு வெயிட்டிங் பீரியட் போடுவாங்க, அவ்ளோ நாள் அந்த நோய்க்கு கிளெய்ம் கெடைக்காது, முன்ன நாலு வருஷம் வரைக்கும் போடலாம், 2024 ஏப்ரல்ல இருந்து அதிகபட்சம் மூணு வருஷம்தான். எழுதாம விட்டா நாளைக்கு நெஞ்சு வலின்னு போறப்ப பழைய மாத்திரை சீட்ட எடுத்து வச்சுக்கிட்டு மறைச்சுட்டீங்கன்னு கிளெய்மையும் தள்ளி பாலிசியையும் கேன்சல் பண்ணிருவாங்க. அஞ்சு வருஷம் விடாம கட்டிட்டா அப்பறம் அப்படி நோண்ட முடியாது, ஆனா வேணும்னே ஏமாத்துனதுன்னு நிரூபிச்சா அப்பயும் கேப்பாங்க

சுமதி அத்தை: மாமாவுக்கு கண்புரைக்கு போனப்ப ரெண்டு வருஷம் ஆகலைன்னுட்டாங்களே அதும் இதானா? அவருக்கு சுகரே கெடயாது

திவ்யா அக்கா: அது வேற அத்தை. கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாத்துறது இதுக்கெல்லாம் தனி லிஸ்ட், முன்னாடியே இருந்துச்சோ இல்லையோ எல்லாருக்கும் பொதுவா காத்திருக்கணும். இதுபோக பாலிசி எடுத்த மொத 30 நாள் ஆக்சிடென்ட் தவிர எதுக்கும் கெடைக்காது. ஏஜென்ட்டு மூணையும் ஒண்ணா சொல்லி கொழப்பிருவாங்க

கார்த்தி: கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டுற கேஷ்லெஸ்னா நம்ம காசே கட்ட வேண்டாம்னு அர்த்தம் இல்லயா அப்போ

திவ்யா அக்கா: அட்வான்ஸ்னு கொஞ்சம் வாங்குற எடமும் இருக்கு, கழிச்சது போக மீதிய கட்டித்தான் ஆகணும். ஆனா 2024 ரூல்படி கேஷ்லெஸ் கேட்டா ஒரு மணி நேரத்துல பதில் சொல்லணும், டிஸ்சார்ஜ்க்கு மூணு மணி நேரம். அதுக்கு மேல லேட்டாகி ஆஸ்பத்திரி கூட சார்ஜ் போட்டா அது கம்பெனி பொறுப்பு. டெஸ்க்ல இத சொல்லி கேளுங்க, கேக்கறவங்களுக்குத்தான் வேகமா நடக்கும். நானே சொல்றேன் 😄

மீனா சித்தி: கோபே இல்லாததையே எடுங்க. எனக்கும் சேத்து போடுங்க

பாலு சித்தப்பா: ரேட்டு தான் ரொம்ப ஏறுதுடி

திவ்யா அக்கா: சித்தப்பா அந்த கொட்டேஷன்ல கடைசி லைன்ல என்ன இருக்கு? ஜிஎஸ்டி போட்ருக்கா

பாலு சித்தப்பா: ஆமா ரெண்டுலயும் 18% போட்ருக்கு

திவ்யா அக்கா: 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியே கெடயாதே. பழைய பேப்பர அனுப்பிருக்கான். புதுசு வாங்குங்க, அதோட பாலிசி வர்ற அன்னிக்கு கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்டுனு பாலிசில என்ன உண்டு என்ன இல்லன்னு சுருக்கமா ஒண்ணு தருவாங்க அதயும் போட்டோ எடுத்து இங்க போடுங்க. புடிக்கலைன்னா 30 நாளுக்குள்ள திருப்பி குடுத்துரலாம்

கார்த்தி: அக்கா ஏஜென்ட்டயே குரூப்ல சேத்து விட்றவா

சுமதி அத்தை: வேணாம்டா, காலை வணக்கம் அனுப்புவான்

கார்த்தி: 😂😂😂

பாலு சித்தப்பா: போன் பண்ணேன். "சார் அது போன வருஷ பிடிஎஃப், இப்ப மாத்தி அனுப்புறேன்"ங்கறான். சுகர் பிரஷர் எழுதணும்னும் சொல்லிட்டேன். அப்ப மெடிக்கல் செக்கப் வரும் சார்னு இழுத்தான், வரட்டும்னுட்டேன்