சீனத்து விருந்து மேசையில் மறுப்பதும் மறுப்பை அறிந்துகொள்வதும்

திருப்பூர், ஈரோடு, சென்னை போன்ற ஊர்களிலிருந்து கொள்முதலுக்காகவோ நிறுவனத்தின் பிரதிநிதியாகவோ சீனாவுக்கு மாற்றலாகி, குவாங்சோவிலோ யிவூவிலோ ஷாவ்சிங்கை அடுத்த கெச்சியாவ் துணிச் சந்தைப் பகுதியிலோ புதிதாகக் குடியேறியிருக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பதெல்லாம் விசா, வாடகை வீடு, வீசாட் என்னும் செய்திச் செயலி, அலிபே என்னும் பணச் செயலி பற்றிய கேள்விகளே. அவற்றுக்கு அலுவலகத்திலேயே யாராவது வழி சொல்லிவிடுவார்கள். சீனர்களோடு ஒரே மேசையில் உட்காரும்போது எதை ஏற்பது, எதை எப்படி மறுப்பது, அவர்கள் நமக்கு மறுப்புத் தெரிவிக்கும்போது அதை எவ்வாறு கண்டுகொள்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. விலையில் பிணக்கு வந்து முறிந்த உறவுகளைக் காட்டிலும், நாலு பேர் முன்னிலையில் ஒருவருடைய மரியாதை குறைந்துபோனதால் முறிந்த உறவுகளையே இங்கு நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த ஒரு விஷயத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

விருந்து பெரும்பாலும் உணவகத்தின் தனி அறையில், சுழலும் கண்ணாடித் தட்டு பொருத்திய வட்ட மேசையில் நடக்கும். மாலை 6 மணிக்கே தொடங்கிவிடும் என்பதால், நம் ஊர் வழக்கப்படி 8 மணிக்குப் பசியோடு போய்ச் சேர்ந்தால் எல்லாரும் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அறையின் வாசலைப் பார்த்தபடி இருக்கும் இடம் மதிப்புக்குரிய இடம்; அதில் விருந்தளிப்பவர் அமர்வாரா தலைமை விருந்தினர் அமர்வாரா என்பது ஊருக்கு ஊர் சிறிது மாறும். எனவே இன்ன நாற்காலி என்று அவர்கள் காட்டும் வரை நின்றுகொண்டிருப்பதே முறை. முழு மீன் வந்தால் அதன் தலை தலைமை விருந்தினரை நோக்கி வைக்கப்படும், அவர் எடுத்த பிறகே மற்றவர்கள் எடுப்பார்கள். சாப்பாட்டுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றி வைக்கும் கோலம் அது.

மீனையே தொடாதவர்கள் நம்மில் பலர் உண்டு. சைவ உணவுக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: விருந்துக்கு முந்தைய நாளே, ஏற்பாடு செய்பவருக்கு வீசாட்டில் சீன மொழியில் எழுதி அனுப்பிவிட வேண்டும். மேசையில் பன்னிரண்டு வகை வந்து அடுக்கப்பட்ட பிறகு "நான் இதெல்லாம் சாப்பிட மாட்டேன்" என்று சொன்னால், தம் விருந்தினரைப் பசியோடு உட்கார வைத்துவிட்டோமே என்ற குறை விருந்தளிப்பவரின் தலையில் அவருடைய ஊழியர்கள் முன்பாகவே விழுகிறது. அவர் ஒன்றும் பேசமாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார். அனுப்பும் செய்தியில் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. கீரைப் பொரியல் பன்றிக்கொழுப்பில் தாளிக்கப்பட்டிருக்கலாம். சூப்பில் கோழிச்சாற்றுத் தூள் இருக்கும். காளான் வதக்கலில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். பீன்ஸ் பொரியலிலும் மாப்போ டோஃபு என்னும் காரமான சோயாக்கட்டிக் குழம்பிலும் கொத்துக்கறி தூவியிருப்பார்கள். "சமய நம்பிக்கையால் சைவம், பௌத்தத் துறவிகள் உண்பது போல" என்று எழுதுங்கள். அங்கே அதற்கு நெடுங்கால மரபு இருப்பதால் உடனே புரிந்துகொள்வார்கள், மதிப்பார்கள். அந்த மரபில் வெங்காயமும் பூண்டும் விலக்கு என்பதால், அவை உங்களுக்கு ஆகுமென்றால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். முட்டை ஆகாதென்றால் அதைத் தனியே குறிப்பிடுவது நல்லது. தக்காளியும் முட்டையும் சேர்த்த வதக்கல் எல்லா ஊரிலும் சைவம் என்ற பெயரில் மேசைக்கு வந்துவிடும்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவர்கள் எவ்வளவு பாடுபடுவார்கள் என்பதற்குக் கெச்சியாவில் ஒரு நெசவாலை உரிமையாளர் அளித்த விருந்து என் மனத்தில் நிற்கிறது. அறுபது வயதைக் கடந்தவர். ஒவ்வொரு தட்டு வந்தபோதும் பரிமாறும் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் எதையோ விசாரித்து, பதில் திருப்தியாக இருந்தால் மட்டுமே கண்ணாடித் தட்டை மெல்லச் சுழற்றி, அது சரியாக என் முன்னால் வந்து நிற்கும்படி விரலால் பிடித்து நிறுத்தினார். தாமரைத் தண்டும், காடி விட்டு வதக்கிய உருளைக்கிழங்குச் சீவலும், கருங்காளானும் அப்படி வந்து நின்றன. ஒரு டோஃபுத் தட்டை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று விலையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. மறுநாள் காலையில் ஆலையில் அவரே விலைப்பட்டியலை எடுத்து வைத்தார்.

மதுவிலும் இதே முறைதான், ஆனால் உறுதி இன்னும் அதிகம் வேண்டும். பைஜியூ என்னும் தானிய மது பெரும்பாலும் 50 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உடையது. சிறு கோப்பையில் ஊற்றி, "கான்பெய்" என்று சொல்லி ஒரே மடக்கில் குடிக்கச் சொல்வார்கள். ஷாவ்சிங் பக்கம் அரிசியில் செய்யும் மஞ்சள் மது அதைவிட மென்மையானது. குடிக்காதவர் முதல் கோப்பையிலேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஒரு கோப்பைக்கு இணங்கிவிட்டு இரண்டாவதை மறுப்பது நடவாத காரியம். ஒருவருக்காகக் குடித்துவிட்டு அடுத்தவருக்காகக் குடிக்காமல் இருந்தால், அந்த அடுத்தவரை அவமதித்ததாகிவிடும். உடல்நிலை, சமயம் இரண்டும் கேள்வியின்றி ஏற்கப்படும் காரணங்கள். வண்டி ஓட்டப் போகிறேன் என்பதும் அப்படியே, ஏனெனில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கு இங்கே தண்டனை கடுமையானது. குடிக்கவில்லை என்பதற்காக வாழ்த்துச் சுற்றிலிருந்து விலகிவிடக் கூடாது என்பதைப் புதியவர்கள் கட்டாயம் மனத்தில் கொள்ள வேண்டும். மதுவுக்கு ஈடாகத் தேநீர் உயர்த்துவது சீனர்களுக்கே உரிய பழைய வழக்கம். எழுந்து நின்று, கோப்பையை இரு கைகளாலும் பிடித்து, மூத்தவருடைய கோப்பை விளிம்பைவிட உங்கள் விளிம்பு சற்றுத் தாழ்ந்திருக்கும்படி தொட்டு, இரண்டு வாக்கியம் மனதாரச் சொன்னால் போதும், உள்ளே இருப்பது தேநீரா மதுவா என்று எவரும் பார்ப்பதில்லை. பெண்களுக்கும் இதையே சொல்கிறேன். வற்புறுத்தல் எல்லை மீறினால் உடன் வந்திருக்கும் சீன சக ஊழியரிடம் சொல்லி விலக்கிக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

குவாங்டொங் மாகாணத்தில் ஒருவர் உங்களுக்குத் தேநீர் ஊற்றும்போது இரண்டு விரல்களை மடக்கி மேசையில் மெல்லத் தட்டுவதே நன்றி. தேநீர்க் குடுவையின் மூடியைத் திறந்து சாய்த்து வைத்தால் வெந்நீர் வேண்டும் என்று பொருள். யாரையும் கூவி அழைக்க வேண்டியதில்லை.

இனி அவர்களுடைய மறுப்புக்கு வருகிறேன். நேருக்கு நேர் "முடியாது" என்ற சொல் அரிதாகவே வரும். "ஆராய்ந்து பார்க்கிறோம்", "சற்றுச் சிரமம்", "பிறகு பேசலாம்" என்பவை பெரும்பாலும் மறுப்புகளே. கேள்விக்கு விடை சொல்லாமல் தேநீர் ஊற்றத் தொடங்குவதும் மறுப்புத்தான். "சரி, சரி" என்று அவர்கள் சொல்வது நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லாமல் இருக்கலாம். சரக்கு அனுப்பும் தேதியோ சாயத்தின் நிறச்சாயலோ உறுதிப்பட வேண்டுமென்றால், கூட்டத்தில் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டு நெருக்குவதில் பயனில்லை. தம் ஆட்கள் சூழ உட்கார்ந்திருக்கும் மேலாளர் மூன்று முறையும் "பிரச்சினை இல்லை" என்றே சொல்வார்.

உண்மை வேறிடத்தில் வெளிவரும். விருந்தினரை மின்தூக்கி வரை, சில சமயம் கார் வரை வந்து வழியனுப்புவது சீனர்களின் வழக்கம். நம்மவர்கள் பலர் "சிரமப்பட வேண்டாம்" என்று பணிவாகச் சொல்லி விறுவிறுவென்று போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு சாயப்பட்டறை மேலாளர் கூட்டம் முழுவதும் தேதியில் சிக்கல் இல்லை என்றே சொன்னவர், வாகன நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது நடையைத் தளர்த்தி, மற்றவர்களை முன்னே போகவிட்டு, பட்டறைக்குக் கிடைக்கும் நீராவி அந்த மாதம் போதாது என்றும் பத்து நாள் கூடுதலாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள் என்றும் என்னிடம் சொன்னார். அந்த நூறடி நடையில் கிடைத்த தகவலை எந்த ஒப்பந்தமும் எனக்குத் தந்திருக்காது. சரக்கில் குறை இருந்தாலும் இதே வழிதான்: குறையைப் படமெடுத்து, பொறுப்பாளருக்குத் தனியே வீசாட்டில் அனுப்புங்கள், பத்துப் பேர் இருக்கும் குழுவில் போடாதீர்கள். தனியே சொன்ன குறை விரைவாகத் தீர்வதையும், சபையில் சொன்ன குறை வாதமாக வளர்வதையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

அவர்களைப் புரிந்துகொள்வது நமக்கு எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் நம் தலையாட்டலைப் புரிந்துகொள்வது அவர்களுக்கு. நாம் ஆமோதிப்பாகத் தலையைப் பக்கவாட்டில் அசைப்பது அவர்கள் கண்ணுக்கு மறுப்பாகவே தெரிகிறது. வாயால் "ஆம்" என்று தெளிவாகச் சொல்லும் பழக்கத்தை விலை பேசும் நேரத்திலாவது கைக்கொள்ள வேண்டும். அவர்களுடைய விரல் எண்களும் நமக்குப் புதியவை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் 6. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நீட்டினால் 8. யிவூ கடைகளில் இரண்டு விரல் நீட்டியதைப் பார்த்து 2 யுவான் என்று எண்ணிக்கொள்ளாமல், கணக்குப்பொறியில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்வது நல்லது. ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் வட்டமான சிவப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கையொப்பத்தைவிட முத்திரைக்கே மதிப்பு அதிகம்.

பரிசு கொடுக்கும்போது முதலில் ஓரிரு முறை வேண்டாம் என்பார்கள்; அது மரியாதைக்கான மறுப்பு, மென்மையாக மீண்டும் நீட்டலாம். உங்கள் எதிரில் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். சுவர்க்கடிகாரமும் குடையும் கொடுக்கக் கூடாது. வெள்ளை, கறுப்புத் தாளில் சுற்றக் கூடாது. ஆனால் அரசு அதிகாரியோ அரசுத் துறை நிறுவனத்தின் அலுவலரோ வேண்டாம் என்றால் அது உண்மையான மறுப்பு. 2012 டிசம்பரில் ஆளுங்கட்சி எட்டு அம்சக் கட்டுப்பாடுகளை அறிவித்த பிறகு விருந்தும் பரிசும் அவர்களுக்கு ஆபத்தாக முடியக்கூடியவை. மீண்டும் நீட்டி அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

பேச்சில் உங்கள் வயது, சம்பளம், குழந்தைகள் எத்தனை என்றெல்லாம் கேட்பார்கள். நம் ஊர் ரயில் பயணத்தில் கேட்பதைப் போன்ற அக்கறைதான் அது. சம்பளத்தைச் சொல்ல விருப்பமில்லையென்றால் "குடும்பத்துக்குப் போதும்" என்று சிரித்து நகர்ந்துவிடலாம். எல்லைப் பிரச்சினை, தைவான், திபெத் ஆகியவற்றை நீங்களாகத் தொடங்காதீர்கள். நிறுவன விளம்பரக் கையேட்டில் நாட்டின் வரைபடம் அச்சிட்டிருந்தால் சீனாவுக்குக் கொண்டுவரும் பதிப்பில் அதை நீக்கிவிடுங்கள், சுங்கத்திலேயே சிக்கல் வரும். அதற்கு மாறாக நாம் பெருமையோடு பேசக்கூடியவை நிறைய உண்டு. தென்னிந்தியாவிலிருந்து 6ஆம் நூற்றாண்டில் கடல்வழி வந்ததாகக் கருதப்படும் போதிதர்மர் குவாங்சோவில்தான் கரையிறங்கினார் என்பதும், அந்த இடத்தையொட்டி எழுந்ததே ஹுவாலின் கோயில் என்பதும் அவ்வூர் மரபு. சுவான்சோ நகரில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. தமிழ் வணிகர்கள் அங்கே சிவாலயம் எழுப்பிய செய்தியை அது சொல்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டு தேதியிட்டு இலங்கைக்குக் கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இடம்பெற்றுள்ளது. இன்று அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செங் ஹயைப் பள்ளிப் பாடத்தில் படித்த சீனர்களுக்கு இந்தத் தமிழ்த் தொடர்பு தெரிந்திருப்பதில்லை. சொன்னால் கைப்பேசியை எடுத்து அப்போதே தேடத் தொடங்கிவிடுவார்கள்.

நெருக்கம் கூடினால் சொந்த ஊருக்கு வந்து வீட்டில் தங்கச் சொல்வார்கள். மகிழ்ச்சியோடு போகலாம், ஆனால் விடுதியில் அல்லாமல் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். இதை நண்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கடவுச்சீட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

விருந்துக்கு அழைத்தவரே முழுச் செலவையும் ஏற்பார். பங்கு பிரிப்பதைப் பற்றிப் பேசுவதே கூடாது. அதனால் திருப்பி அழைப்பது உங்கள் கடமையாகிறது. இந்திய உணவகத்துக்கு அழைத்தால், யிவூவும் ஷாவ்சிங்கும் இருக்கும் செஜியாங் மாகாணத்து மக்களும் குவாங்டொங் மக்களும் காரம் அதிகம் உண்பதில்லை என்பதை உணவகத்தாரிடம் முன்னமே சொல்லிவைத்து, கரண்டிகளும் வைக்கச் சொல்லுங்கள். கையால் சாப்பிட்டுப் பார்க்கும்படி அவர்களை வற்புறுத்த வேண்டாம். சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு முந்தைய சில வாரங்களே இதற்கு ஏற்ற காலம். ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ விழா வந்ததும் தொழிலாளர்கள் ஊருக்குப் போய், ஆலைகள் வாரக்கணக்கில் மூடிவிடும். புத்தாண்டுக்கு முந்தைய இரவு வாழ்த்து அனுப்பும்போது எல்லாருக்கும் ஒரே படத்தைத் தள்ளிவிடாமல், பெயர் சொல்லி இரண்டு வரி தனித்தனியே எழுதுங்கள். வீசாட்டில் சிவப்பு உறை எனப்படும் பணப் பரிசு அனுப்புவதாக இருந்தால் ஒரு உறைக்கு 200 யுவான் வரையே அனுப்ப முடியும். 66, 88 போன்ற தொகைகள் நல்லவை, 4 வரும் தொகையைத் தவிர்த்துவிடுங்கள்.